வெற்றுக் குழாயில் ஒரு மில்லிகிராம்

கன்று நல அளவை நிலையத்தில் பூஜ்ஜியத்துக்கு அனுமதி இல்லை என்பது ஆகஸ்டு மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை ஒன்பதே காலுக்குத் தெரியவந்தது. அதற்கு முன் பத்தொன்பது ஆண்டுகள் ஆய்வகப் பணியாளர் மாரமா அதை நாள்தோறும் பயன்படுத்தி வந்திருந்தாள். யாரும் ஆட்சேபித்ததில்லை.

நியூசிலாந்தின் வைக்காட்டோவில் அது மாடுகள் கன்று போடும் பருவம். பிறந்து சில நாளே ஆன கன்றுகளின் இரத்தம் பண்ணைகளிலிருந்து சிறு குப்பிகளில் வந்துகொண்டிருந்தது. பிறந்த அன்றே கன்று போதுமான சீம்பால் குடித்ததா என்பதை அதன் சீரத்தில், அதாவது இரத்தத்தின் தெளிந்த நீரில், உள்ள புரதம் சொல்லிவிடும். லிட்டருக்கு ஐம்பத்திரண்டு கிராம் இருந்தால் கன்று தேறும். குறைந்தால், புதிய திட்டத்தின்படி, வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு லாரி வரும். லாரி எங்கே போகும் என்று திட்ட ஆவணத்தில் எழுதப்படவில்லை. 'மந்தையிலிருந்து விடுவிப்பு' என்று மட்டும் இருந்தது.

மாரமாவின் வேலை சிக்கலானதல்ல. சீரத்தில் புரதம் மிக அதிகம். அப்படியே அளந்தால் சாயம் கருநீலமாகி, கருவிக்கு ஒன்றும் தெரியாது. எனவே ஒரு பங்கு சீரத்தோடு தொண்ணூற்றொன்பது பங்கு உப்புநீர் சேர்த்து நூறு மடங்கு நீர்க்க வைப்பாள். பிறகு சாயம் விடுவாள். கறுப்புத் தேநீர் நிறத்தில் இருக்கும் அந்தச் சாயம் புரதத்தைக் கண்டால் நீலமாகும். எவ்வளவு நீலம் என்று கருவி சொல்லும். அந்தக் கணக்கை நூறால் பெருக்கினால் கன்றின் கணக்கு.

சோதனைக் குழாய்களை நிறுத்தி வைக்கும் ரேக்கின் முதல் குழாயில் மட்டும் சீரம் இருக்காது. உப்புநீரும் சாயமும்தான். அது நீலமாகாது. கருவி முதலில் அதைப் பார்த்து, ஒன்றுமே இல்லாவிட்டால் நிறம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு, அந்த அளவை மற்ற எல்லாக் குழாய்களிலிருந்தும் கழித்துவிடும். அதற்கடுத்த நான்கு குழாய்களில் தெரிந்த அளவு புரதம், படிப்படியாக. அவை அளவுகோல் கோடு வரைவதற்கானவை. ஆனால் கோட்டை ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு குழு வரைந்து, கையெழுத்திட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டது. எனவே அந்த நான்கு குழாய்களும் மரியாதைக்காகத் தயாரிக்கப்பட்டன.

அந்தத் திங்கட்கிழமை புதிய கணினிப் பதிவேடு வந்தது. கன்றுகளின் குழாய்களைத் தவிர மற்ற ஒவ்வொரு குழாயிலும் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று எழுதினால்தான் கருவி திறக்கும். மாரமா முதல் குழாய்க்கு நேரே பூஜ்ஜியம் என்று எழுதினாள். கட்டம் சிவப்பானது. அவள் தர உறுதிப் பிரிவின் தலைவி ரோவெனாவை அழைத்தாள். ரோவெனாவின் கழுத்து நாடாவில் பதினோரு சாவிகள் தொங்கின. அவள் காலணியில் சேறு பட்டதை யாரும் பார்த்ததில்லை.

"என்ன பிரச்சினை மாரமா?"

"முதல் குழாய்ல எவ்வளவுன்னு கேக்குது. பூஜ்ஜியம்னு போட்டேன். 'அளவை எழுதவும்'ங்குது."

"அப்ப அளவை எழுதுங்க."

"பூஜ்ஜியம்தான் அளவு."

"பூஜ்ஜியம்னா நீங்க எதுவும் எழுதலைன்னு அர்த்தம். சிஸ்டத்துக்கே அது புரியுது."

"உள்ள ஒண்ணும் இல்ல ரோவெனா. உப்புத்தண்ணி."

"ஒண்ணும் இல்லாத குழாயை எதுக்கு ரேக்ல வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லைன்னா எப்படி இருக்கும்னு மெஷினுக்குத் தெரியணும்."

ரோவெனா குறிப்பேட்டைத் திறந்தாள். "இது எத்தனை நாளா நடக்குது?"

"பத்தொன்பது வருஷமா."

"பத்தொன்பது வருஷமா, தினமும், ஒண்ணும் இல்லாததை அளந்திருக்கீங்க." எழுதிக்கொண்டாள். "வேற யாருக்காவது தெரியுமா?"

மாரமா யோசித்தாள். "நீங்க ஸ்கோன் ரொட்டி பண்றப்போ முதல்ல வெறும் கிண்ணத்தைத் தராசுல வச்சுப் பாப்பீங்கல்ல? அப்புறம்தானே மாவு போடுவீங்க?"

"நான் ஸ்கோன் கடையில வாங்கறேன்," என்றாள் ரோவெனா.

மறுநாள் காலை பத்து மணித் தேநீர் நேரத்தில் நிலையத்தின் தரக் குழு கூடியது. ஏழு பேர், விளக்கம் சொல்ல மாரமா. கூட்டம் அந்நாட்டு வழக்கப்படி, பழங்குடியினரின் மாவோரி மொழி வேண்டுதலோடு தொடங்கியது. ரோவெனா அட்டையைப் பார்த்து வாசித்தாள். முடிந்ததும் வழக்கம்போல, அறையில் இருந்த ஒரே மாவோரியான மாரமாவைப் பார்த்தாள். மாரமா வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தாள்.

பாதுகாப்புப் பொறுப்பாளர், ஒன்றுமில்லாததன் காலாவதித் தேதி என்ன என்று கேட்டார். சேமிப்பறைப் பொறுப்பாளர், அது தொலைந்து போனால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். இரண்டுக்கும் பதில் இல்லை என்பது குறிக்கப்பட்டது. ஒன்று முதல் எந்த அளவையும் பதிவேடு ஏற்கும் என்று ரோவெனா விளக்கினாள். அதன்படி 'வெற்றுக் குழாய்களுக்கான குறைந்தபட்ச உள்ளடக்கக் கொள்கை' ஒருமனதாக நிறைவேறியது. இனி வெற்றுக் குழாயில் மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் புரதம் இருக்க வேண்டும்.

"இருங்க," என்றாள் மாரமா. "அதுல ஒண்ணு போட்டா, மெஷின் எல்லாத்துலயும் ஒண்ணு கழிக்கும். அப்புறம் நூறால பெருக்கறோம். ஒவ்வொரு கன்னுக்கும் நூறு குறையும்."

"எல்லாக் கன்னுக்கும் சமமாவா?"

"சமமாத்தான். ஆனா..."

"அப்ப யாருக்கும் அநியாயம் இல்லையே." ரோவெனா கனிவாகச் சிரித்தாள். "தரம்னா என்ன மாரமா? எப்பவும் ஒரே மாதிரி இருக்கறது. சரியா இருக்கறதைப் பத்தி எங்க ஆவணத்துல எங்கயும் இல்ல. வேணும்னா தேடிப் பாருங்க."

மாரமா தேடிப் பார்த்தாள். இருநூற்றுப் பதினாறு பக்கம். ரோவெனா சொன்னது உண்மைதான்.

அன்று பிற்பகல் அவள் முதல் குழாயில் ஒரு மில்லிகிராம் மாட்டுப் புரதம் கலந்தாள். சாயம் விட்டாள். பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக அந்தக் குழாய் நீலமானது. அவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவேடு பச்சையானது; கருவி திறந்தது.

அன்றைய மாதிரிகள் டூகல் என்பவரின் பண்ணையிலிருந்து வந்தவை. இருபத்திமூன்று கன்றுகள். முதல் கன்று, பழைய முறையில் ஐம்பத்தைந்து இருந்திருக்க வேண்டியது, மைனஸ் நாற்பத்தைந்து என்று வந்தது. அடுத்ததும் ஏறக்குறைய அதுவே. இருபத்திமூன்றும் பூஜ்ஜியத்துக்குக் கீழே. மைனஸ் குறியைப் பதிவேடு மறுக்கவில்லை. கட்டம் காலியாக இல்லாதவரை அதற்கு ஆட்சேபணை கிடையாது. ஒவ்வொன்றாகப் பச்சையாகி, கடைசி எண் விழுந்ததும் டூகலுக்கு ஒரு கடிதம் தானாகவே போனது. இருபத்திமூன்று கன்றுகளையும் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குள் லாரிக்கு ஆயத்தமாக நிறுத்தவும்.

மாரமா ரோவெனாவின் அறைக்கு ஓடினாள்.

"ஒண்ணுமே இல்லாததை விடக் கம்மியா எந்த உயிருக்கும் புரதம் இருக்காது ரோவெனா."

"சிஸ்டம் பச்சை காட்டுச்சா?"

"காட்டுச்சு."

"அப்புறம் என்ன?"

"அந்தக் கடிதத்தை ரத்து பண்ணுங்க."

"ரத்து பண்ற பட்டன் வைக்கலை. தப்பே நடக்காத மாதிரி வடிவமைச்சிருக்கோம். அதுல போய் ரத்துக்கு ஒரு பட்டன் வச்சா, நாமளே நம்பலைன்னு ஆயிடும்."

புதன்கிழமை காலை டூகல் வந்தார். அறுபத்தெட்டு வயது, முழங்கால்வரை சேறு படிந்த ரப்பர் பூட்ஸ், கக்கத்தில் ஒரு கன்று. வரவேற்பறையில் வருகையாளர் பதிவு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள் என்பதால் கன்றுக்கும் பெயர் எழுதி, மார்பில் ஒட்டுச்சீட்டு ஒட்டினார்கள். கன்று அதைத் தின்றது. இன்னொன்று ஒட்டினார்கள்.

"ஏம்மா மாரமா," என்றார் டூகல். "நாப்பது வருஷமா மாடு வளக்கறேன். ஒண்ணுமில்லாததுக்கும் கீழ நாப்பத்தஞ்சுன்னு இப்பத்தான் கேள்விப்படறேன். அப்ப இது எதுமேல நிக்குது?"

"நீங்க சொல்றது சரிதான் டூகல். நான் சொல்லிட்டேன். கேக்கலை."

ரோவெனா வந்தாள். கன்று அவள் கழுத்து நாடாவின் நுனியை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது.

"இதைப் பாருங்கம்மா. எப்படி இழுக்குது பாருங்க," என்றார் டூகல். "சீம்பால் குடிக்காத கன்னு இப்படி இழுக்குமா? நல்லா இருக்குது."

"நல்லா இருக்குங்கறது உங்க அபிப்பிராயம்."

"குதிக்குதும்மா!"

"குதிக்கறதை நாங்க அளக்கறதில்லை," என்று சொல்லிவிட்டு ரோவெனா நாடாவை மீட்க முயன்றாள். இரண்டு சாவிகள் உள்ளே போயிருந்தன. அவற்றை வெளியே எடுக்க டூகல்தான் உதவினார்.

சத்தம் கேட்டு நிலையத்தின் இயக்குநர் இறங்கி வந்தார். முனைவர் ஃபெர்கஸ். தன்னை எல்லாரும் ஃபெர்கஸ் என்றே அழைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியவர். மழையோ வெயிலோ, தினமும் காலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுபவர். அவர் முடிவுத் தாளை வாங்கிப் பார்த்தார். முதல் வரியைப் பார்த்தார். கடைசி வரியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ரோவெனா. இது என்னன்னு தெரியுதா உங்களுக்கு?"

"பச்சை வந்திருக்கு ஃபெர்கஸ்."

"எதிர்மறைப் புரதம்!" குரல் தாழ்ந்தது. "உலகத்துல எத்தனையோ ஆய்வகம் புரதத்தைக் கண்டுபிடிச்சிருக்கு. புரதமே இல்லாத இடத்தையும் சில பேர் பாத்திருக்காங்க. அதையும் தாண்டிக் கீழ போனது நாம மட்டும்தான்."

"சார்," என்று தொடங்கினாள் மாரமா.

"ஃபெர்கஸ்."

"ஃபெர்கஸ், அது முதல் குழாய்ல புரதம் போட்டதால..."

"மாரமா, நீங்க லேப் பெஞ்சுக்கு ரொம்பக் கிட்ட உக்காந்திருக்கீங்க. அதனால குழாய்தான் தெரியும். நான் விஞ்ஞானத்தை விட்டுப் பதினோரு வருஷமாச்சு. அதனாலதான் எனக்கு அது முழுசாத் தெரியுது."

டூகல் தொண்டையைச் செருமினார். "அப்படின்னா என் கன்னுங்களை லாரில ஏத்த மாட்டீங்க? அபூர்வமான கன்னுங்கதானே?"

"கண்டுபிடிப்பு வேற, நடைமுறை வேற ஐயா. லாரி வெள்ளிக்கிழமை வரும். எங்களுக்கு வேண்டிய முடிவு கைக்கு வந்தாச்சு. கன்னுங்க இனிமே தேவையில்லை."

டூகல் கன்றைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு போய்விட்டார். ஒட்டுச்சீட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று வரவேற்பாளர் பின்னாலேயே கத்தினாள்.

வியாழக்கிழமை நண்பகலுக்குப் பத்திரிகையாளர்களை அழைக்க முடிவானது. கண்டுபிடிப்பு மக்களுக்குப் புரிய வேண்டுமானால் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரோக்கியமான ஓர் உயிர் வேண்டும் என்றார் ஃபெர்கஸ். யாரும் கேட்கும் முன்பே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

சிறு நடைமுறைச் சிக்கல்கள் இருந்தன. பதிவேட்டில் கன்று என்ற ஒரே வகைதான் உண்டு. காது எண் இல்லாமல் மாதிரியை ஏற்காது. அந்த வாரம் திறந்திருந்தது டூகலின் கோப்பு. எனவே இயக்குநர் டூகலின் மந்தையில் இருபத்திநான்காம் எண்ணாகத் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டார். அடுத்தது பாதுகாப்பு.

"மனுஷ இரத்தம்," என்றார் பாதுகாப்புப் பொறுப்பாளர். "கன்னு இரத்தத்தை விட ஆபத்து. கொள்கைப்படி ஆபத்து கூடினா நீர்ப்பும் கூடணும். இரு மடங்கு."

"அதாவது இருநூறு மடங்கு," என்றாள் ரோவெனா. "கடைசில இருநூறால பெருக்கிக்கலாம். மாரமா, உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"

மாரமா வாயைத் திறந்தாள். நூறு மடங்கு நீர்த்தால் நூறு குறையும். இருநூறு மடங்கு நீர்த்தால் இருநூறு குறையும். எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறோமோ அவ்வளவு பள்ளம். இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் அவளிடம் இருந்தது. செவ்வாயன்று குழுவில் சொன்னாள், பிற்பகல் ரோவெனாவிடம் சொன்னாள், புதனன்று இயக்குநரிடம் சொன்னாள். மூன்று முறையும் அது குறிப்பேட்டுக்குள் போய்த் திரும்பி வரவில்லை.

அறையில் எல்லாரும் காத்திருந்தார்கள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. யாரோ பேனாவை மூடினார்கள்.

"இல்ல," என்றாள் மாரமா. "கொள்கைப்படியே செஞ்சிடலாம்."

பத்தொன்பது ஆண்டு பழகிய கையால் அவள் பிப்பெட்டை, துளி அளக்கும் குழலை, எடுத்தாள். ஒரு பங்கு இயக்குநர். நூற்றுத் தொண்ணூற்றொன்பது பங்கு உப்புநீர். கலக்கினாள். சாயம் விட்டாள். இவ்வளவு கச்சிதமான நீர்த்தலை அவள் அதுவரை செய்ததில்லை.

உள்ளூர்ப் பத்திரிகைகளிலிருந்து இருவரும், பண்ணை வானொலியிலிருந்து ஒரு பெண்ணும் வந்திருந்தார்கள். பெரிய திரையில் முதலில் கன்றின் எண் காட்டப்பட்டது. மைனஸ் 45. படமெடுத்தார்கள்.

"இப்ப, ஆரோக்கியமான ஓர் உயிர் எப்படி இருக்கும்னு பாருங்க," என்றார் ஃபெர்கஸ்.

திரையில் மைனஸ் 130 என்று வந்தது. பச்சை.

ஓரத்தில் நின்ற ஒருவர் கைதட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். அச்சுப்பொறி தானாக உயிர்பெற்று ஒரு தாளைத் துப்பியது. வானொலிப் பெண் அருகில் இருந்ததால் அவளே எடுத்து வாசித்தாள். "'டூகல் அவர்களுக்கு. தங்கள் மந்தையின் 24ஆம் எண் விலங்கு தேறவில்லை. மற்ற விலங்குகளிடமிருந்து பிரித்து, வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குள் லாரிக்கு ஆயத்தமாக நிறுத்தவும். அன்று காலை தீவனம் தர வேண்டாம்.'" அவள் நிமிர்ந்தாள். "24ஆம் எண் யாரு?"

அவசரக் குழு பத்து நிமிடத்தில் கூடியது. வேண்டுதல் அட்டையை யாரும் தேடவில்லை.

"இது தப்பு," என்றார் ஃபெர்கஸ். "நான் இன்னிக்குக் காலையில பன்னண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கேன்."

"ஓடறதை நாங்க அளக்கறதில்லை ஃபெர்கஸ்," என்றாள் ரோவெனா, வருத்தத்தோடு.

"அந்த முதல் குழாய்..." என்றார் சேமிப்பறைப் பொறுப்பாளர்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அந்தக் கொள்கையின் அடியில் ஏழு கையெழுத்துகள் இருந்தன. எட்டாவதாக, ஒப்புதல் என்ற இடத்தில், இயக்குநரின் கையெழுத்து. சேமிப்பறைப் பொறுப்பாளர் தண்ணீர் குடித்தார்.

"முடிவு தப்பா இருக்க முடியாது, பச்சை வந்திருக்கு," என்றாள் ரோவெனா. "கொள்கை தப்பா இருக்க முடியாது, ஒருமனதா வந்திருக்கு. மிச்சம் இருக்கறது தேர்ச்சி எல்லைதான். ஐம்பத்திரண்டுங்கறது கொஞ்சம் பழசு. மைனஸ் நூத்திமுப்பத்தொண்ணுன்னு வச்சிடலாமா?"

"ஒண்ணுதான் இடைவெளியா?" என்றார் ஃபெர்கஸ். "ஒரு நாள் காலையில நான் சரியாச் சாப்பிடலைன்னா?"

மைனஸ் நூற்றைம்பது என்று முடிவானது. இதனால் கன்றுகளுக்கு ஏதாவது பாதிப்பு உண்டா என்று மாரமாவிடம் கேட்டார்கள். அந்த வாரத்தில், பதிலைக் கேட்பதற்காகவே அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

"எந்தக் கன்னும் மைனஸ் நூறுக்குக் கீழ போகாது," என்றாள். "ஒரு குப்பில வெறும் உப்புத்தண்ணியை அனுப்பினாலும் மைனஸ் நூறுதான் வரும்."

"அப்ப எல்லாக் கன்னும் தேறும்?"

"உப்புத்தண்ணியும் தேறும்."

ஃபெர்கஸ் மெல்லப் புன்னகைத்தார்.

"நூத்துக்கு நூறு," என்றார். "இந்தத் திட்டம் இவ்வளவு சீக்கிரம் வெற்றியடையும்னு நானே நினைக்கலை."

விடுவிப்பை நிறுத்தச் சொல்லும் தொலைபேசிச் செய்தியை லாரி ஓட்டுநர்கள் ஏற்கக் கூடாது. முத்திரை வைத்த தாள் நேரில் வர வேண்டும். மாரமா அதை வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போனாள். வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்குக் கிளம்பினாள். வழியில் பால் கறந்து முடிந்த ஒரு மந்தை சாலையைக் கடந்தது. முந்நூறு மாடுகள். அவற்றுக்கு அவசரமில்லை. ஒன்று நடுவில் நின்று காரை முகர்ந்தது. அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டூகலின் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு பத்து. லாரியின் பின்பலகை இறக்கப்பட்டிருந்தது. பதினொரு கன்றுகள் ஏற்றப்பட்டுவிட்டன. பன்னிரண்டாவது டூகலின் கையில் இருந்தது. அவர் அதைத் தரவும் இல்லை, இறக்கவும் இல்லை. ஓட்டுநர் மழையில் பட்டியலோடு நின்றார்.

மாரமா தாளை நீட்டினாள். ஓட்டுநர் முத்திரையைப் பார்த்தார், தடவிப் பார்த்தார், பட்டியலில் இருந்த எண்களை அடித்தார்.

"இருபத்திமூணும் தேறிடுச்சா. சரி. இங்க இருபத்திநாலுன்னு ஒண்ணு இருக்கே? அது எங்க கட்டியிருக்கு?"

"அவரும் தேறிட்டார்," என்றாள் மாரமா.

"அவரா?"

"எங்க இயக்குநர்."

டூகல் கன்றை மெல்லத் தரையில் இறக்கினார். "அவருக்கு எவ்வளவு வந்துச்சு?"

"மைனஸ் நூத்திமுப்பது."

டூகல் யோசித்தார். "சந்தைக்கு வந்தா நான் அந்தக் கன்னை வாங்க மாட்டேன்," என்றார்.

பதினொரு கன்றுகளும் இறங்கின. ஓட்டுநர் தாளை டூகலிடம் கொடுத்துவிட்டு லாரியை எடுத்துப் போனார். இருவரும் கொட்டகைக்குள் நின்றார்கள். தகரக் கூரைமேல் மழை கொட்டியது. கன்றுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் சுவரோரம் படுத்திருந்தது.

"இந்த இருபத்திரண்டையும் பாத்தாலே எனக்குத் தெரியும்மா," என்றார் டூகல். "நல்ல கன்னுங்க. அதோ அது ஒண்ணுதான் தெரியலை. ஈன்ற அன்னிக்கு ராத்திரி நான் பக்கத்துல இல்ல. குடிச்சுதா இல்லையா தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் உங்களுக்கு இரத்தமே அனுப்பினேன்." தாளை அவளிடம் காட்டினார். "இதுல தேறியதுன்னு போட்டிருக்கு."

மாரமா கன்றின் காது எண்ணைப் பார்த்தாள். பையிலிருந்து செவ்வாய்க்கிழமைப் பட்டியலை எடுத்தாள். விரலை வைத்துத் தேடினாள். மைனஸ் அறுபத்தாறு. அதோடு நூறைக் கூட்டினாள்.

"முப்பத்திநாலு," என்றாள். "ஐம்பத்திரண்டு இருக்கணும். இது சீம்பால் சரியாக் குடிக்கலை டூகல். தனியா வைங்க. காஞ்ச வைக்கோல் போடுங்க, குளிர் படாம பாத்துக்குங்க. இன்னிக்கே மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்க."

டூகல் முத்திரைத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் முப்பத்திநாலு என்று எழுதினார்.

"இது நிலையத்தோட கணக்காம்மா?"

"இல்ல," என்றாள் மாரமா. "சரியான கணக்கு."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் குனிந்து, சுவரோரம் கிடந்த கன்றைத் தூக்கினார்.